சாம்பல் சால்வைக்காரியின் ஜன்னல்

நாலு மணி என்றுதானே போனில் சொன்னீர்கள்? இப்போது ஐந்தே முக்கால். பரவாயில்லை, உள்ளே வாருங்கள். செருப்பை அந்தப் பக்கம் விடுங்கள், இந்த மிதியடி ஈரம். கேட் கொண்டியைப் போட்டீர்களா? போட்டீர்கள், சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்காமல் போகாது.

அந்த நாற்காலி வேண்டாம். இதில் உட்காருங்கள். அது உடைந்ததெல்லாம் இல்லை. அதில் யாரும் உட்காருவதில்லை, அவ்வளவுதான்.

தண்ணீரா? இதோ தருகிறேன். கே.கே. நகரிலிருந்து இந்தப் பங்குனி வெயிலில் ஸ்கூட்டர் என்றால் நாக்கு வறண்டுதான் போகும். முதலில் பொருளைப் பாருங்கள். இதுதான் அந்த கேம் மிஷின். கீறல் இல்லை, சார்ஜர் இருக்கிறது, அட்டைப்பெட்டிகூட வைத்திருக்கிறேன். போட்டோவில் போட்டபடிதான் இருக்கிறது. நான் பொய் விளம்பரம் கொடுக்கிற ஆள் இல்லை. கான்வென்ட்டில் படித்தவள். பொய் சொன்னால் சிஸ்டர் ஃபிலோமினா விரலை மடக்கச் சொல்லி முட்டியில் ஸ்கேலால் அடிப்பார். உங்கள் பெயர் கிரேஸ் என்றீர்கள் இல்லையா? எங்கள் வகுப்பில் மட்டும் நாலு கிரேஸ். ஒருத்திகூட அடிக்குத் தப்பவில்லை.

யாருக்கு வாங்குகிறீர்கள்? பெண்ணுக்கா? ஒன்பதாவதா? காலில் மாவுக்கட்டு போட்டு ஆறு வாரமாகப் படுத்திருக்கிறாளா? பாவம். அப்படியானால் சொல்லவேண்டியதைச் சொல்லித்தான் கொடுக்கவேண்டும். வாங்கிப்போன பிறகு நீங்கள் வந்து என்னைக் கேட்கக்கூடாது.

இது என் மகள் ஹரிணி முதல் சம்பளத்தில் வாங்கியது. கல்யாணமாகி கனடா போகும்போது விட்டுவிட்டுப் போனாள். "மத்தியானமெல்லாம் சீரியல் பாத்து எல்லாரையும் திட்டிட்டு இருக்கறதுக்கு இதை ஆடும்மா. உனக்குன்னே ஒண்ணு இருக்கு இதுல. கடை வெக்கலாம்" என்றாள். நான் சிரித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் பொம்மை விளையாட்டா என்றேன். அவள் விமானம் ஏறிய மூன்றாம் நாள் எடுத்தேன். அப்புறம் கீழே வைக்கவில்லை.

அந்த விளையாட்டுக்கு நீளமாக ஒரு ஆங்கிலப் பெயர் உண்டு. நான் 'கடை' என்றுதான் சொல்வேன். ஒரு மலையடிவாரம், சின்ன ஊர். மொத்தம் பன்னிரண்டு வீடு. இங்கே விடிந்தால்தான் அங்கேயும் விடியும், இங்கே ஒரு நாள் என்றால் அங்கேயும் ஒரு நாள். நீங்கள் ஒரு பெண். மாமா ஒருவர் விட்டுப்போன கடையை நடத்த வந்திருக்கிறீர்கள். காலையில் கூடையும் கத்தியும் எடுத்துக்கொண்டு காட்டுக்கும் குகைக்கும் போகவேண்டும். மூலிகை, காளான், தேன், பளபளப்பான கல், எது கிடைத்தாலும் பொறுக்கவேண்டும். நடுவில் ஜந்துக்கள் வரும், அடித்து விரட்டவேண்டும். மத்தியானம் திரும்பி வந்து எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கி, விலை எழுதி வைத்துக் கதவைத் திறந்தால், கதவு மேலே தொங்குகிற மணி டிங் என்று அடிக்கும். ஆள் வரும்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சொல்கிறேன். இந்த வீட்டில் முப்பது வருஷமாக நான் அடுக்கிய எந்த அலமாரியும் மறுநாள் அப்படியே இருந்ததில்லை. இவர் ஒரு சட்டையை உருவினால் எட்டுச் சட்டை கீழே விழும். அங்கே நான் தேன் பாட்டிலை வைத்த இடத்தில்தான் தேன் பாட்டில் இருக்கும். நான் சொன்னதுதான் விலை. அதிகம் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள், சரி என்றால் சிரிப்பார்கள். பேரம் பேசலாம், பிடிக்காவிட்டால் வெளியே போ என்று சொல்ல ஒரு பட்டனே இருக்கிறது. வாழ்க்கையில் அந்தப் பட்டனுக்காக நான் எத்தனை தரம் ஏங்கியிருக்கிறேன் தெரியுமா?

எல்லாவற்றையும்விடப் பெரிய சுகம் இன்னொன்று. ஒருத்தர் உள்ளே வந்தால் அவர் தலைக்கு மேல் சோப்பு நுரை மாதிரி ஒரு குமிழி வரும். அதற்குள் அவருக்கு என்ன வேண்டுமோ அதன் படம். காளான் வேண்டுமென்றால் காளான். வாள் வேண்டுமென்றால் வாள். அவ்வளவுதான். சுற்றி வளைப்பது, பூடகமாகப் பேசுவது, நீயே புரிந்துகொள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது ஒன்றும் கிடையாது. இந்தக் குடும்பத்தில் ஒருத்தராவது தனக்கு இன்னது வேண்டும் என்று வாயைத் திறந்து சொன்னதில்லை. கிணற்றுக்குள் வாளி விட்டுத் தேடுகிற மாதிரி தேடவேண்டும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

சரி, கெட்டதையும் சொல்கிறேன். நேரம் தின்னும். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து, அணைந்து, பாத்திரம் தீய்ந்து, நாற்றம் வந்த பிறகுதான் எழுந்துபோவீர்கள். கட்டைவிரல் வலிக்கும். அப்புறம், உங்கள் பெண் இதைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் சொல்வதற்கெல்லாம் 'ம்ம்' என்பாள். சரியான இடத்தில், கேட்கிற மாதிரியே, 'ம்ம்' வரும். அந்த 'ம்ம்'மை நம்பாதீர்கள். அதில் ஒன்றும் கிடையாது. எனக்குத் தெரியும்.

கனைக்கிறீர்களே. ஆமாம், தண்ணீர் கேட்டீர்கள். இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு எழுந்திருக்கிறேன். ஏனென்றால் நீங்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது.

பெயர் வைக்கக்கூடாது. உங்கள் பெண்ணிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். அந்தப் பன்னிரண்டு வீட்டு ஆட்களுக்கும் நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பத்தில் கேட்கும். வெள்ளைக்காரப் பெயர் எதுவோ போட்டிருப்பான், அதை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள். நான் விடவில்லை. குதிரையில் வந்து அதட்டிப் பேரம் பேசுகிற தளபதிக்கு என் கணவருடைய மேனேஜர் பெயரை வைத்தேன். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிற ஆட்டிடையனுக்கு என் கொழுந்தன் பெயர். ரொட்டிக்காரிக்கு மாடியில் குடியிருக்கிற அமுதவல்லியின் பெயர். ஹரிணியிடம் போனில் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்து இருமினாள்.

பாலத்துக்குப் பக்கத்து வீட்டில் சாம்பல் நிறச் சால்வை போர்த்திய ஒருத்தி. ஒரு தோள் மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். கையில் ஒரு குவளை. உள்ளே வந்தால் உடனே எதையும் கேட்கமாட்டாள். அப்படியே ஓரமாக நிற்பாள். நின்று, நின்று, அப்புறம்தான் குமிழி வரும். பார்த்த உடனே சிரிப்பு வந்தது. தையல்நாயகி என்று வைத்தேன்.

தையல்நாயகி என் நாத்தனார். இவருக்கு அக்கா. பின்தெருவில் தனியாக இருந்தார். புருஷன் போய் இருபது வருஷம், பிள்ளை கிடையாது. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். நல்ல மனுஷிதான். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதுகூட எனக்கு எரிச்சல். திட்டினாலாவது திருப்பித் திட்டலாம், கணக்கு தீரும். அண்ணி வந்தால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை நீவிக்கொண்டே இருப்பார். என்ன அண்ணி என்றால், "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்." சும்மா எதற்கு ஒரு மனுஷி ஒரு தெரு தாண்டி வரவேண்டும்?

போன ஆடியில் நடந்தது இது. ஒரு திங்கட்கிழமை, நாலு மணி. நான் கடை திறந்து வைத்திருக்கிறேன். கொண்டி சத்தம். அண்ணி. கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர்.

"சியாமளா, கொஞ்சம் உறைமோர் இருக்கா?"

பால் தோய்க்க ஒரு கரண்டி மோர். இதற்கென்ன. "பிரிட்ஜுல மேல் தட்டுல இருக்கு அண்ணி, நீங்களே எடுத்துக்குங்களேன்" என்றேன். கையில் மிஷின், தளபதி நிற்கிறான், எழுந்தால் போய்விடுவான். அண்ணி தானே எடுத்துக்கொண்டார். எடுத்தவர் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டம்ளரைப் புடிச்சா இந்தக் கை ஒரு மாதிரி நடுங்குதும்மா இப்பல்லாம்."

"ம்ம்."

"எழுத்துகூடக் கோணலா வருது. நேத்து பேப்பர்ல பேர் எழுதிப் பாத்தேன்."

"ம்ம். வயசாகுதுல்ல அண்ணி."

"ஆமா, அதான்" என்றார். கொஞ்ச நேரம் இருந்தார். நான் நிமிர்ந்து பார்த்தபோது நாற்காலி காலி.

மறுநாள் செவ்வாய். அதே நாலு மணி, அதே டம்ளர், அதே உறைமோர். நேற்று கொடுத்தது என்ன ஆயிற்று என்று கேட்டேன். "சரியா தோயலம்மா" என்றார். ஆடிக் காற்றுக்குத் தோயாமல் போகும்தான். இருந்தாலும் அண்ணிக்கா? அவர் தோய்த்தால் கத்தியால் வெட்டி எடுக்கலாம், அப்படி இருக்கும். நான் மேலே கேட்கவில்லை. அன்றைக்கு என் கடையிலும் அந்தச் சாம்பல் சால்வைக்காரி வந்திருந்தாள். பனிப்பூ வேண்டுமாம். பனிப்பூ மேல் குகையில்தான் கிடைக்கும், ஒரு பகல் முழுக்க ஏறவேண்டும். அவள் ஒரு நாள் முன்னாலும் கேட்டிருந்தாள், நான் போகவில்லை. இது இரண்டாவது தரம். எனக்கு அதற்கு எங்கே நேரம்? மறுநாள் இளவரசன் பத்து வண்டியோடு வருவதாகத் தகவல் பலகையில் போட்டிருந்தது. வருஷத்துக்கு ஒரு தரம்தான் வருவான். அலமாரி நிரம்பியிருக்கவேண்டும்.

அண்ணி சொன்னார், "சியாமளா, நாளைக்கு நீ சும்மாதான இருப்ப? காலைல ஒரு இடத்துக்கு என்கூட வரணும். தம்பிக்குத் தெரிய வேணாம். பயந்துடுவான்."

"நாளைக்கா? நாளைக்கு ஆள் வர்றாங்களே அண்ணி."

பொய்யில்லை, பாருங்கள். ஆள் வந்தார்கள்தான். இளவரசன், மந்திரி, பத்து வண்டிக்காரர்கள். யார் வருகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"அப்ப சரிம்மா. நான் பாத்துக்கறேன்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். மோர் ஊற்றிக்கொண்டாரா என்றுகூடத் தெரியாது.

புதன்கிழமை. இளவரசன் வந்தான். அப்படி ஒரு நாள் நான் ஆடியதே இல்லை. அலமாரி காலி, திரும்பத் திரும்ப நிரப்புகிறேன், மணி டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. சாயங்காலம் ஆறரை இருக்கும். கூட்டத்துக்கு நடுவில் சாம்பல் சால்வைக்காரி வந்து நிற்கிறாள். பனிப்பூ. மூன்றாவது தரம். இங்கே கேட் கொண்டி சத்தம்.

எனக்கு எரிச்சல். மிஷினைக் கையில் வைத்துக்கொண்டே போய்க் கதவை அரையடி திறந்தேன். அண்ணி நல்ல புடவை கட்டியிருந்தார், எங்கேயோ போய்விட்டு வந்த மாதிரி. தோளில் பை. டம்ளர் மட்டும் கையில் இருந்தது, அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"உறைமோரு..." என்றார்.

"விளக்கு வெச்சாச்சு அண்ணி. விளக்கு வெச்சப்புறம் மோர் வெளியில குடுக்கக்கூடாதுன்னு நீங்கதான சொல்வீங்க."

எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மோருக்கும் விளக்குக்கும் என்ன சம்பந்தம்? கல்யாணமாகி வந்த புதிதில் இதே அண்ணிதான் எனக்குச் சொன்னார். விளக்கு வைத்த பிறகு உப்பு, ஊசி, மோர் மூன்றும் வாசல் தாண்டக்கூடாது என்று. நான் அப்போது முகத்துக்கு நேரே சிரித்தேன். அன்றைக்கு அது வாயில் வந்துவிட்டது. சட்டென்று முடியவேண்டும் என்றால் சட்டென்று முடிகிற ஒன்றைத்தானே சொல்வோம்?

அண்ணி என் தோளைத் தாண்டி உள்ளே பார்த்தார். பூஜை அலமாரி அந்தக் கதவுக்கு நேரே இருக்கிறது, பாருங்கள், இங்கிருந்தே தெரியும். அன்றைக்கு நான் இன்னும் விளக்கு ஏற்றவில்லை. இளவரசன் இருந்தானே. ஆனால் பொழுது போய்விட்டதா இல்லையா? ஏற்றினால் என்ன, ஏற்றாவிட்டால் என்ன? கணக்கு ஒன்றுதான்.

"ஆமால்ல. மறந்தே போயிட்டேன்" என்றார். சிரித்தார்கூட. டம்ளரைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதை உள்ளே வைக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. அப்புறம் படி இறங்கிப் போனார். கொண்டியைப் போட்டார். க்ளிங் என்று.

நான் திரும்பி வந்து உட்கார்ந்து திரையைப் பார்க்கிறேன். கூட்டம் அப்படியே இருக்கிறது. சால்வைக்காரி மட்டும் இல்லை. இளவரசன் போன பிறகு அந்த ஊர்த் தெருவில் நடந்தேன். பதினோரு வீட்டு ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். பாலத்துக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல் இருட்டு. கதவில் குறுக்கே ஒரு பலகை அடித்திருந்தது. அப்போதுதான் ஹரிணிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "மூணு தரம் கேட்டு இல்லன்னா ஊரை விட்டுப் போயிடுவாங்கம்மா. திரும்ப வரமாட்டாங்க. உனக்குத் தெரியாதா?" என்றாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. பழையபடி திருப்பி ஆடலாமா என்றேன். முடியாதாம். அதுவே பதிந்துகொண்டே போகுமாம்.

அது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் பின்தெருவிலிருந்து போன். அண்ணி வீட்டு வாசலில் இரண்டு நாள் பால் பாக்கெட் அப்படியே கிடக்கிறது, தட்டினால் திறக்கவில்லை என்று.

சமையலறையில் கிடந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். வியாழக்கிழமை விடிகாலையிலேயே போயிருக்கும் என்றார்.

இப்போது புரிகிறதா நான் ஏன் பெயர் வைக்கக்கூடாது என்கிறேன் என்று? முதலில் அங்கே ஜன்னல் அணைந்தது. அப்புறம்தான் இங்கே. நான் மூடநம்பிக்கைக்காரி இல்லை, கிரேஸ். ஆனால் கண்ணால் பார்த்ததை என்ன செய்வது? பெயர் வைத்தேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான். விளையாட்டாக ஒரு மனுஷியின் பெயரை எடுத்து ஒரு பொம்மைக்கு வைத்தேன்.

மற்றவர்களா? மேனேஜர் நன்றாகத்தான் இருக்கிறார், ப்ரமோஷன்கூட வந்தது. கொழுந்தன் இன்னும் ஒன்றும் வாங்கவில்லை. அமுதவல்லிதானே மேலே தொம் தொம் என்று நடக்கிறாள், கேட்கிறதா? அவர்களெல்லாம் இருக்கிறார்கள். அவர்களை நான் மூன்று தரம் திருப்பி அனுப்பவில்லையே. விளையாட்டில் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து அண்ணி வீட்டை ஒழிக்கப் போனோம். பிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே நாலு கிண்ணம் தயிர். வரிசையாக. மேலே தட்டுப் போட்டு மூடி, கெட்டியாக, கரண்டி போட்டால் நிற்கிற மாதிரி. எங்கள் வீட்டுத் தயிரைவிட நூறு மடங்கு நன்றாக. அவ்வளவு தயிரை வைத்துக்கொண்டு எதற்கு என்னிடம் வந்து உறைமோர் கேட்டார்? மூன்று நாளும்? நானும் எட்டு மாதமாக யோசிக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள். அவர் கையில் இருந்தது டம்ளர். டம்ளரைக் கொண்டுவந்தால் மோர்தானே அர்த்தம்? நான் வேறு எதைக் கொடுத்திருக்க முடியும்?

அந்தத் தோள்பை கட்டில் மேலேயே இருந்தது. இவர்தான் திறந்தார். டம்ளர், கண்ணாடிக்கூடு, ஒரு சீட்டு. ஏதோ ஒரு ஸ்கேன் சென்டர் சீட்டு. தலை ஸ்கேன். புதன்கிழமை பதினொரு மணி என்று எழுதி, அதை அடித்து, வெள்ளிக்கிழமை பதினொரு மணி என்று பேனாவால் மாற்றியிருந்தார்கள். கீழே, 'உடன் ஒருவர் இல்லாமல் வரக்கூடாது' என்று அச்சடித்த வரி. அதற்கு அடியில் அதே பேனாவால் இரண்டு கோடு.

இவர் அதை ரொம்ப நேரம் படித்தார். ஒரு வரியைப் படிக்க அவ்வளவு நேரமா? அப்புறம் என்னைக் கேட்டார், "அக்கா உன்கிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"மோர் கேட்டாங்க" என்றேன்.

பொய்யா அது? மோர்தானே கேட்டார்? இவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. தம்பிக்குத் தெரிய வேண்டாம் என்று அண்ணிதான் சொன்னார். அவர் கடைசியாக என்னிடம் கேட்டுக்கொண்டது அது. அதையாவது நான் காப்பாற்றவேண்டாமா? உங்களிடம்தான் முதல் முதலாகச் சொல்கிறேன். நீங்கள் யாரோ, இனிமேல் பார்க்கப்போவதில்லை. என்ன கேட்டீர்கள்? தண்ணீர். ஆமாம் ஆமாம். சொல்லிச் சொல்லி என் தொண்டையும்தான் வறண்டுவிட்டது. ஒரே நிமிஷம், மிஷினை ஓட்டிக் காட்டிவிடுகிறேன், அப்புறம் சரியாக வேலை செய்யவில்லை என்று நீங்கள் சொல்லக்கூடாது.

பாருங்கள். இதில் மூன்று ஆட்டம் வைத்துக்கொள்ளலாம். இது இரண்டாவது, அண்ணி போன பிறகு ஆரம்பித்தது. புதுக் கடை. இதோ சால்வைக்காரி. அதே பெயர்தான் வைத்தேன். ஆமாம், வைக்கக்கூடாதுதான். ஆனால் இந்தத் தரம் நான் தயாராக இருந்தேன். முதல் நாளே மேல் குகைக்கு ஏறிப் பனிப்பூ கொண்டுவந்துவிட்டேன். கேட்பதற்கு முன்னாலேயே எடுத்து வைத்துவிடுவேன். எட்டு மாதமாகத் தினமும் கொடுக்கிறேன். பாருங்கள், சிரிக்கிறாள். தலைக்கு மேல் இதயம் வருகிறது. 'நன்றி, நல்ல நாளாக அமையட்டும்' என்பாள். எல்லோரும் சொல்வதுதான், தளபதியும் அதையேதான் சொல்வான். போய்விடுவாள். மறுநாள் வருவாள், மறுபடி பனிப்பூ. எத்தனை கொடுத்தாலும் தீரவில்லை. அவள் என்னைப் பார்க்கிற மாதிரி இல்லை. பூவைத்தான் பார்க்கிறாள்.

இதுதான் முதல் ஆட்டம். பழைய ஊர். இது பாலம். இந்த ஜன்னல். கதவுக்கு முன்னால் நின்று பட்டனை அழுத்தினால் ஒரு வரி வரும், படியுங்கள். 'இங்கே இப்போது யாரும் இல்லை.' அவ்வளவுதான். தினமும் ஒரு தரம் வந்து அழுத்திப் பார்ப்பேன். வேறு ஏதாவது வருமா என்று. வராது.

இதை அழிக்க எனக்குக் கை வரவில்லை. அழி என்றால், நிச்சயமாகவா என்று கேட்கும். அதோடு வைத்துவிடுவேன். அதற்காகத்தான் விற்கிறேன். விலைகூட நீங்கள் சொல்வதைக் கொடுங்கள், போதும். வீட்டுக்குப் போனதும் உங்கள் பெண்ணை விட்டு அழிக்கச் சொல்லுங்கள். அவளுக்கு அது யாரோ. நிச்சயமாக என்று அழுத்திவிடுவாள்.

மணி ஆறு இருபதா? அடடா. இருங்கள், விளக்கு வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். இப்போதெல்லாம் ஒரு நாள்கூடத் தவறுவதில்லை.

ஆயிற்று. இதற்காகத்தான் உங்களை நாலு மணிக்கு வரச் சொன்னேன், தெரியுமா? விளக்கு வைப்பதற்குள் இது வீட்டை விட்டுப் போயிருக்கவேண்டும் என்று. ஏனென்றால் விளக்கு வைத்த பிறகு கேட் கொண்டி சத்தம் கேட்கிறது. தினமும். க்ளிங் என்று ஒரு தரம். போய்க் கதவைத் திறந்தால் யாரும் இருப்பதில்லை. கேட் சாத்தியே இருக்கும். இவரிடம் சொன்னேன். காற்று என்றார். ஆடியில் காற்று, சரி. ஐப்பசியில்? மார்கழியில்? இந்தப் பங்குனியில் இலைகூட அசையவில்லை. மிஷினை அணைத்து வைத்தாலும் கேட்கிறது. பீரோவில் பூட்டி வைத்தும் பார்த்தேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? பெண் காத்துக்கொண்டிருப்பாளா? இருங்கள், வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவது இந்த வீட்டுப் பழக்கம் இல்லை. தண்ணீர் வேண்டுமென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்கள். சொன்னீர்களா? எத்தனை தரம்? சரி சரி, கொஞ்சம் நில்லுங்கள், இதோ.

இந்தாருங்கள். வெறும் தண்ணீர் எதற்கென்று மோராகவே கலந்துவிட்டேன். விளக்கு வைத்தாயிற்றுதான், தெரியும். அதெல்லாம் ஒன்றுமில்லை. வாசல் தாண்டினால் என்ன ஆகிவிடும்? பிடியுங்கள். பெருங்காயம் போட்டிருக்கிறேன். கை நடுங்காமல் பிடியுங்கள், நிறைய ஊற்றிவிட்டேன்.

சத்தம் கேட்டதா?

கொண்டி. நீங்கள் இங்கேதானே நிற்கிறீர்கள். இவர் எட்டு மணிக்கு முன்னால் வரமாட்டார். அமுதவல்லி மேலேதான் இருக்கிறாள், இப்போதுகூட நடக்கிறாள். உங்களுக்கும் கேட்டதுதானே? முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. கேட்டது.

குடிக்காதீர்கள். ஒரு நிமிஷம். வாயில் வைத்துவிட்டீர்களா? இல்லையே? அந்த டம்ளரை இப்படிக் கொடுங்கள்.

கதவை நான் திறக்கிறேன். நீங்கள் உட்காருங்கள். உங்களுக்கு அப்புறம் தருகிறேன்.